ஓர் எழுத்துப் பிழையும் ஒரு பழங்கணினியும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கோட்டக்குப்பத்தில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து கடல் நடை தூரம்தான். அன்றிரவு கடலின் ஓசை எது, மழையின் ஓசை எது என்று பிரித்தறிய முடியவில்லை. விடிந்தபோது பரண்மேல் நீர் கசிந்து, புத்தகக் கட்டுகள் நனைந்துகொண்டிருந்தன. ஏணி வைத்து ஒவ்வொன்றாக இறக்கினேன். கடைசிக் கட்டுக்குப் பின்னால் தார்ப்பாயில் சுற்றிய கனமான பெட்டி ஒன்று இருந்தது. பிரித்துப் பார்க்காமலேயே அது என்னவென்று தெரிந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய கணினி.

2001இல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்களின் வழக்குச் சொற்களை ஆய்வேட்டுக்கான பொருளாக எடுத்திருந்தேன். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெய்தலையும் உமணரையும் பாட்டில் படித்தவன், அந்த நிலத்து மனிதர்களை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற கிளர்ச்சியோடு மிதிவண்டியைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வந்த காலம் அது.

புதுச்சேரியில் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கணினி நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. 486 செயலி, எட்டு எம்பி நினைவகம், டாஸ் 6.22, அதன்மேல் விண்டோஸ் 3.1. அப்போதே அது பழம்பொருள். நண்பர்கள் வீட்டில் விண்டோஸ் 98 வந்துவிட்டது. அவர்கள் திரையின் கீழ்மூலையில் 'ஸ்டார்ட்' என்ற பொத்தான் இருக்கும். என் திரையில் புரோகிராம் மேனேஜர் என்ற ஒரு சாளரமும் அதற்குள் சில குறுஞ்சாளரங்களும்தான். ஒரு நிரலைச் சுருக்கினால் அது சின்னமாகித் திரையின் அடியில் போய் விழும். மேலே பெரிய சாளரம் திறந்திருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

இக்குறையைப் போக்கவென்றே கால்மிரா என்றொரு நிரல் இருந்தது. லி-ஷின் ஹுவாங் என்பவர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விண்டோஸ் 3.1க்காக எழுதியது. பிறகு அதன் மூலநிரல் வெளியிடப்பட்டு, எர்வின் டாக்டர் முதலியோர் அதை வளர்த்தார்கள். பழைய கணினியின்மேல் ஸ்டார்ட் பட்டியலையும் பணிப்பட்டையையும் திரைச் சின்னங்களையும் அது கொண்டுவந்துவிடும். இணைய மையமொன்றில் மணிக்கணக்கில் காத்திருந்து இறக்கி, ஒரே நெகிழ்வட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இருப்பது மாறவில்லை, முகம் மட்டும் மாறியது. ஏழை வீட்டுப் பையன் திருவிழாவுக்கு இரவல் சட்டை போட்டுக்கொண்டதைப் போன்ற மகிழ்ச்சி. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்று தோன்றுகிறது. அன்று யாரிடமும் சொல்லவில்லை.

கணினியியலார் இதை ஷெல் என்பார்கள். உள்ளிருக்கும் பருப்பு கெர்னல், மேலிருக்கும் ஓடு ஷெல். தமிழில் ஓடு என்பதா உறை என்பதா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, கிளிஞ்சல் பொறுக்கி வளர்ந்த கடற்கரைக்காரனுக்கு ஓடு என்பதுதான் பிடிக்கிறது.

அந்தக் கணினியில் நான் தட்டச்சு செய்தவற்றுள் ஒரு பாட்டியின் பேச்சும் இருந்தது. அப்போது அவருக்கு எழுபது வயதிருக்கும். சிறுமியாய் உப்பளத்தில் இறங்கியவர். ஏழெட்டு மாலைகள் பேசினார். என்னிடம் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. குறிப்பேட்டில் வேகவேகமாக எழுதிக்கொண்டு, இரவில் வீடு திரும்பியதும் நினைவு ஆறுவதற்குள் தட்டச்சு செய்வேன். கடைசி மாலை அவர் கேட்டார்: "எல்லாத்தையும் எழுதிக்கினியே தம்பி, எனக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டுவியா?" காட்டுகிறேன் என்றேன். ஆய்வேட்டில் சொற்பட்டியல் மட்டும் இடம்பெற்றது. பேச்சு முழுவதும் கணினியிலேயே தங்கிவிட்டது. வேலை, திருமணம், இடமாற்றம் என்று ஆண்டுகள் போயின. பாட்டி இறந்த செய்தி தெரிந்தபோது அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வந்த தானே புயலில் என் குறிப்பேடுகள் நனைந்து கூழாயின. அதன்பின் அந்தப் பேச்சு எங்காவது இருக்கிறதென்றால் இந்தப் பெட்டிக்குள்தான். இது எனக்குத் தெரிந்தும் பதின்மூன்று ஆண்டுகள் பெட்டியைப் பிரிக்கவில்லை. திறந்து பார்த்து இல்லை என்று அறிவதைவிட, இருக்கக்கூடும் என்ற நினைப்பு வசதியாக இருந்தது போலும்.

இம்முறை பிரித்தேன்.

எங்கள் தெருவில் வெளிநாட்டில் பல ஆண்டுகள் மின்னணுப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர் இருக்கிறார். பெட்டியைத் திறந்தவர் முதலில் பார்த்தது தாய்ப்பலகையில் இருந்த பீப்பாய் வடிவ மின்கலத்தை. நிக்கல் காட்மியம் மின்கலங்கள் நாளடைவில் கசியும், கசிவது காரம், அது செப்புத் தடங்களை அரித்துப் பச்சை பூக்க வைத்துவிடும். "உங்க வீட்ல வினிகர் இருக்கா வாத்தியாரே?" என்றார். காரத்தை அமிலத்தால் முறிப்பதுதான் வைத்தியம். மின்கலத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஊறுகாய்க்கு வாங்கிய வினிகரைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்தார். பிறகு ஆல்கஹாலால் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டார். நினைவகச் சில்லுகளின் முனைகளில் உப்புக்காற்றின் கறை படிந்திருந்தது. அதைப் போக்கப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் போதுமானதாக இருந்தது. ஒரு தடம் மட்டும் அறுந்திருந்தது. மயிரிழைபோன்ற கம்பியால் அதை ஒட்டினார்.

மூன்றாம் நாள் மின்சாரம் கொடுத்தோம். நினைவகத்தை எண்ணும் எண்கள் திரையில் ஓடின. ஆனால் வன்தட்டு எதுவென்று கணினிக்குத் தெரியவில்லை. மின்கலம் இல்லாதபோது அது தேதியையும் மறந்துவிடும், தன் தட்டின் அளவுகளையும் மறந்துவிடும். தட்டின் மேலேயே அச்சிட்டிருந்த உருளை, தலை, பிரிவு எண்களைப் பார்த்துக் கையால் உள்ளிட்டோம். தட்டு சுழன்றது, கரகரத்தது, நின்றது.

"இத இனிமே இதுல சுத்த விடாதீங்க" என்று நண்பர் கழற்றிவிட்டார். அவர் சொன்னது சரி. சாகக் கிடக்கும் தட்டை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது இருப்பதையும் அழிக்கும். யுஎஸ்பி இணைப்பி ஒன்றின் வழியாக அதை லினக்ஸ் மடிக்கணினியில் பூட்டி, டிடிரெஸ்க்யூ என்னும் நிரலைக் கொண்டு படியெடுத்தோம். அது முதலில் எளிதாகப் படிக்கக் கூடிய பகுதிகளையெல்லாம் படித்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். ஓர் இரவு முழுதும் ஓடியது. விண்டோஸ் கோப்புறையில் பெரும்பகுதி சிதைந்திருந்தது. கால்மிரா கோப்புறை முழுதாக இருந்தது. என் கோப்புறைகளில் இரண்டே கோப்புகள் முற்றிலும் போயிருந்தன.

ஆனால் மீதமிருந்தவை? டாஸ் காலத்தில் கோப்புப் பெயருக்கு எட்டெழுத்தும், புள்ளிக்குப்பின் மூன்றெழுத்தும்தான் இடம். மாணவப் பருவத்து அவசரத்தில் நான் வைத்த பெயர்கள் எனக்கே விளங்கவில்லை. நூற்றுக்கணக்கில் இருந்தன. திறந்தாலோ ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் வரிசையாக நின்றன. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000தான் அதை லதா எழுத்துருவோடு சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தனி நாடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று தரங்களை வகுத்தது. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம் வளர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களே மயிலை, டிஸ்கி, யூனிகோடு என்று வரிசையாக வேடம் மாற்றியவை. நான் பயன்படுத்தியதோ இவற்றுள் எதுவுமில்லை. ஒரு தட்டச்சு நிலையத்தில் நெகிழ்வட்டில் போட்டுக் கொடுத்த ஏதோ ஓர் எழுத்துரு. அதன் கோப்பு மட்டும் சேதமின்றிக் கிடைத்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எழுத்துரு கிடைத்தபின் இன்றைய கணினியிலேயே கோப்புகளைப் படித்திருக்கலாம். என் மாணவன் ஒருவன் அதைத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பெட்டி மறுபடி எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. நண்பருக்கும் அதுவே.

வன்தட்டுக்குப் பதிலாக ஓர் இணைப்பியில் 256 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைச் செருகினோம். அக்காலத்துக் கணினிகள் பல 504 எம்பிக்கு மேல் காண மாட்டா; ஆகவே சிறியதே நல்லது. டாஸ் 6.22க்கு மூன்று நெகிழ்வட்டுகள். எஃப்டிஸ்க் கொண்டு பகுதி பிரித்து, வடிவமைத்து, கான்ஃபிக் கோப்பில் ஹைமெம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அது இல்லாமல் விண்டோஸ் எழாது. பிறகு விண்டோஸ் நெகிழ்வட்டுகள் ஒவ்வொன்றாக. இடையில் ஒரு வட்டு படிக்க மறுத்தது. நண்பர் அதன் தகட்டை விலக்கி, பூசணத்தைத் துடைத்துக் கொடுத்தார். மாலையில் புரோகிராம் மேனேஜர் வந்தது. கண்ட்ரோல் பேனலில் எழுத்துருவைச் சேர்த்தேன். ரைட் என்னும் சிறு நிரலில் ஒரு கோப்பைத் திறந்ததும் தமிழ் வந்தது. கொஞ்சம் கோணலான, கால்கள் நீண்ட, நான் மறந்துவிட்ட ஒரு தமிழ்.

இனிக் கால்மிரா. பழைய கோப்புறையை அப்படியே படியெடுத்துப் போட்டேன். விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம் ஐஎன்ஐ என்றொரு கோப்பு உண்டு. அதில் பூட் என்ற தலைப்பின்கீழ் ஷெல் என்று தொடங்கும் ஒரே ஒரு வரி, எந்த ஓட்டை மாட்டிக்கொண்டு எழுவது என்பதை முடிவு செய்கிறது. அங்கே புரோக்மேன் என்றிருப்பதை அழித்துவிட்டுக் கால்மிராவின் முகவரியை எழுத வேண்டும். எழுதினேன். கணினியோ விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும் என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு டாஸ் திரைக்குத் திரும்பியது. பதறிப்போய் எடிட் நிரலில் திறந்து பார்த்தால், முகவரியில் ஓரெழுத்தை விட்டிருந்தேன். ஓரெழுத்துக்காக அத்தனையையும் மறுபடி செய் என்கிறது இயந்திரம். திருத்தி, மீண்டும் வின் என்று தட்டினேன்.

சாம்பல் நிறப் பணிப்பட்டை கீழே விரிந்தது. ஸ்டார்ட் பொத்தானைச் சொடுக்கினேன். கால்மிரா தன் பட்டியலைத் தன்னுடைய கோப்புறையிலேயே எழுதி வைத்துக்கொள்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. 2001இல் நான் அமைத்த பட்டியல் அப்படியே வந்தது. அதில் ஓர் உருப்படி, ரோமன் எழுத்தில், 'பாட்டி'.

சொடுக்கினேன். கோப்பு திறந்தது. அதன் உண்மைப் பெயர் யூபி2பி. நான் தேடவே தேடாத, அச்சுப்பொறிச் சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு கோப்புறைக்குள் கிடந்தது. பருப்பு கோப்பைக் காப்பாற்றி வைத்திருந்தது. பெயரைக் காப்பாற்றியது ஓடுதான். வெறும் அலங்காரம் என்று நான் வெட்கத்தோடு மாட்டிய அந்த இரவல் சட்டையின் பையில் இருந்தது சாவி. நண்பர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்த் தேநீர் வாங்கி வந்தார்.

அடுத்த வேலை அதை யூனிகோடுக்கு மாற்றுவது. எழுத்துருவின் ஒவ்வோர் இடத்திலும் என்ன வடிவம் இருக்கிறதென்று அட்டவணை போட்டோம். மாணவன் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினான். பழைய எழுத்துருக்களில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்க்கு முன்னே நிற்கும். யூனிகோடில் ஒலி வரிசைப்படி பின்னே வரும். ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் இந்த எழுத்துருவில் ஒரே இடம். எனவே முதல் முயற்சியில் 'வெளி'யும் 'தெளிவு'ம் ஔகாரமேறிக் குழம்பின. அடுத்து என்ன குறி வருகிறதென்று பார்த்து முடிவெடுக்கும்படி நிரலைத் திருத்தியதும் தெளிவு தெளிவாயிற்று.

தீராத ஒரு சிக்கல் ரகரமும் காலும். அந்தக் குறைந்த நுண்மைத் திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வயதில் தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைத் தட்டியிருக்கிறேன். 'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டுப் புள்ளி வைத்திருந்தால் நிரல் கண்டுபிடித்துவிடும். காலுக்குப் புள்ளி கிடையாதல்லவா? ஆனால் இரண்டு வாசிப்புக்கும் பொருள் இருந்தால்?

வகுப்பில் சுவடிப் பதிப்பு பற்றிப் பாடம் நடத்துபவன் நான். ஏட்டில் புள்ளி இராது, ரகரமும் காலும் வேறுபடா, குற்றெகரமும் நெட்டேகாரமும் ஒன்றே. சொல்லறிவும் பொருளறிவும் கொண்டே பதிப்பாசிரியர் முடிவு செய்தார் என்று ஆண்டுதோறும் சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதற்குப் பின்னால் இத்தகைய ஆயிரம் முடிவுகள் உண்டு. நானும் ஒரு சுவடியை எழுதி வைத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது. ஏடெழுதியவனும் நானே, திகைக்கும் பதிப்பாசிரியனும் நானே.

பாட்டியின் பேச்சில் 'மண் பாவிய பாத்தி' என்று நான்கு இடங்களில் வருகிறது. நூலகத்திலிருந்து என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். சொற்பட்டியலில் 'பரவுதல்: பாத்தியில் மண்ணைப் பரப்புதல்' என்றிருந்தது. பாவுதல் என்ற பதிவே இல்லை. அப்படியானால் நடந்தது இரண்டிலொன்று. பாட்டி 'பரவிய' என்று சொல்லி நான் நான்கு முறையும் பிழையாகத் தட்டியிருக்க வேண்டும். அல்லது அவர் சரியாகச் சொல்லி, நான் சரியாகத் தட்டி, பிறகு முதுகலை மாணவனுக்குரிய அறிவோடு அதைப் பிழையென்று கருதித் திருத்தியிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் மரக்காணம் போனேன். புயலில் மூழ்கிய உப்பளங்களில் நீர் வடிந்து, புதிய பருவத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. சேறு அள்ளி, வரப்பு கட்டி, பாத்தித் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தரை இறுகினால்தான் நீர் கீழே இறங்காமல் நின்று வெயிலில் காயும், உப்பில் மண் ஏறாது. பாட்டியின் மகளை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவருக்கே இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். என்னை நினைவில்லை. அம்மாவிடம் எழுதிக்கொண்டு போன ஒரு தம்பி என்றதும், "சைக்கிள்ல வருமே, அந்தத் தம்பியா? நீங்களா சார்?" என்றார்.

வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். மண்ணைப் பாவுவதா, பரவுவதா?

அவர் சிரித்தார். "மண்ண மிதிச்சு மிதிச்சுப் பாவணும் சார். தண்ணிதான் பரவும். மண்ணு எங்கனா தானாப் பரவுமா?"

தலைகுனிந்து குறித்துக்கொண்டேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக ஒரு பிழை என் பெயரோடு நூலகத்தில் கட்டட்டையிட்டு இருந்திருக்கிறது. பிழையென்று நான் ஐயுற்ற தட்டச்சு சரி. அறிவோடு செய்த திருத்தம்தான் பிழை.

பிறகு அச்சிட்டுக் கொண்டுபோயிருந்த பக்கங்களை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அருகில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டி சிறுமியாக முதல்நாள் உப்பளத்தில் இறங்கியபோது கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்ததைச் சொல்லும் இடம் வந்ததும், மகள் தன் பாதத்தைக் கையால் தடவிக்கொண்டார். முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

"அம்மா கொரலு அதுல இல்லியா சார்?" என்று கேட்டார்.

இல்லையம்மா, எழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றேன்.

சற்று நேரம் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செரி, அப்ப மொதல்லேருந்து இன்னொருவாட்டி படிங்க" என்றார்.